தண்ணீர் சூழ்ந்தபோது கை கொடுத்தவர்களுக்கு

படகோடு வந்த மீனவ அண்ணன்மாருக்கும், புதுக்குடி ஊராருக்கும், காயல்பட்டினத்துக் காக்காமாருக்கும் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), வெளியூர்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் கடைத்தெருவிலிருந்து வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது எங்களைக் காப்பாற்றியவர்களில் பலருடைய பெயரைக் கேட்கக்கூட அன்று நேரமில்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக அந்த மழையைப் பற்றிக் கொஞ்சம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. காயலில் ஒரே நாளில் பெய்தது, எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் மழையைவிட அதிகம். அணைகளில் திறந்த தண்ணீரோடு, கரை உடைந்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்து வந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கடலும் காற்றும் சூடாகிக்கொண்டே போகும்போது, இது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருவது என்று நாங்கள் சும்மா இருக்க முடியாது.

முதலில் மீனவ அண்ணன்மாருக்கு. ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு, ரோடு அறுந்த இடத்தில் இறக்கி, அங்கிருந்து தண்ணீரிலேயே வந்தீர்கள். தெருவுக்குள் மூழ்கிக் கிடந்த பைக்கிலும் ஷட்டரிலும் இடிக்கும் என்று எஞ்சினைத் தூக்கிவிட்டு, நெஞ்சளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றால் இழுத்தீர்கள். மேலே கரண்டு கம்பி தொங்கிய இடங்களில் ஒருவர் துடுப்பைக் குறுக்கே பிடித்து எல்லோரையும் குனிய வைத்தார். நடக்க முடியாத என் அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தவர், "ஆச்சி, பயப்படாதீங்க, நாங்க கடல்லயே கெடக்கிறவங்க" என்றார். எண்ணெய்க் காசையாவது வாங்கிக்கொள்ளச் சொன்னதற்கு, "பொறவு பாத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவருடைய உள்ளங்காலில் கண்ணாடி கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்ததை அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வாரம் அவர்களுக்கும் தொழில் இல்லை.

அடுத்து புதுக்குடிக்காரர்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ரயிலை மேலே போகவிடாமல் நிறுத்தியது எத்தனை உயிரைக் காத்தது என்பதை அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு வருவதற்கு முன்னால், பக்கத்து ஊரான புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து, கோயிலில் சமைத்துப் போட்டார்கள். கடையெல்லாம் மூழ்கிக் கிடக்கிறது, மறுநாளைக்குத் தங்களுக்கு என்ன இருக்கும் என்று தெரியாது. அப்படியிருந்தும் கொடுத்தார்கள். பிறகு தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து பயணிகளை வெளியே கொண்டுவந்தார்கள். வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கும் எங்கள் நன்றி. ஆனால் முதல் சோறு போட்டவர்களை நான் ஒரு படி மேலேதான் வைப்பேன்.

காயல்பட்டினத்துக் காக்காமாரே, மாநிலத்திலேயே அதிக மழை உங்கள் ஊரில்தான் பெய்தது. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் கிடக்கும்போதே எங்களுக்கு உணவுப் பொட்டலமும் பாய்களும் அனுப்பினீர்கள். பள்ளிவாசல், கோயில் மண்டபம், சர்ச் எதிலும் யார் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதை எங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு வந்தவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று போஸ்ட் நட்டார்கள். ஊறி நாறிப்போன அரிசி மூட்டைகளையும் மெத்தைகளையும் செத்த ஆடுமாடுகளையும் தூய்மைப் பணியாளர்கள் அள்ளினார்கள். எங்கள் கடையிலிருந்து மட்டுமே வண்டி வண்டியாகப் போனது. அந்த நாற்றத்தில் எங்களாலேயே நிற்க முடியவில்லை. நோய் பரவாமல் எங்களைக் காத்தவர்கள் நீங்கள்தான். உங்களுக்கு நல்ல கையுறையும் காலணியும், நிரந்தர வேலையும் கிடைக்க வேண்டும் என்பதை நன்றியோடு சேர்த்தே சொல்கிறேன்.

இன்னும் சிலருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். குளத்துக் கரைகளில் பனங்கொட்டை ஊன்றும் இளைஞர்கள், வாய்க்காலில் அமலைச்செடி என்ற ஆகாயத்தாமரையை அள்ளும் விவசாயிகள், மழைக் கணக்கை எங்களுக்குப் புரியும் தமிழில் எழுதும் வானிலை ஆர்வலர்கள். 2011-லிருந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் தன்னார்வலர்களும் இதில் உண்டு. பறவையை எண்ணப் போகிறவர்கள் குளத்தையும் பார்த்துவிட்டுத்தானே வருகிறார்கள். எந்தக் குளம் தூர்ந்தது, எதில் ஆக்கிரமிப்பு என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் இவர்களை அதிகாரிகள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மீனவ அண்ணாச்சி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், ஏரலுக்கு ஒருநாள் குடும்பத்தோடு வாருங்கள். கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் எங்கள் கடையைக் காட்டுவார்கள். அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சாப்பிடாமல் விடமாட்டோம்.

அன்புடன்,
ஏரல் கடைத்தெருவிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர்