நுண்ணோக்கியைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள்

சேலம் மாவட்டத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் பல ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். தாவரச் செல்லை உட்கரு, செல்சுவரோடு அழகாக வரைகிறாள். "நேரில் பார்த்திருக்கியா கண்ணு?" என்று கேட்டேன். "மைக்ராஸ்கோப் பீரோவுல இருக்கு தாத்தா. உடைஞ்சிடும்னு தரமாட்டாங்க" என்றாள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

உங்கள் பயம் புரிகிறது. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை ஸ்லைடு நொறுங்குவது பெரும்பாலும் ஒரே தவறால்தான். 45 மடங்கு லென்ஸை வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பெரிய திருகைத் திருப்பிவிடுவார்கள். முதலில் 10 மடங்கு லென்ஸ். பக்கவாட்டில் பார்த்தபடியே அதை ஸ்லைடுக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அப்புறம் கண்ணை வைத்து, மெல்ல விலக்கிக்கொண்டே வந்தால் உருவம் தெளியும். 45க்கு மாறிய பிறகு சின்னத் திருகு மட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பழகிக்கொள்ளும்.

பூட்டி வைப்பதுதான் ஆபத்து. எங்கள் மலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வலைபோலப் படரும். துடைத்தாலும் அரித்த தழும்பு போகாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், அடிக்கடி வெளியே எடுங்கள்.

எதைக் காட்டுவது? வெங்காயத் தோலும் அதற்கு நிறமேற்றும் சஃப்ரானின் சாயமும் எங்கேயும் கிடைக்கும். மலைப் பள்ளிகளில் இன்னொன்றும் இருக்கிறது. துரு நோய் வந்த காப்பி இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சுப் பொடி. அதை ஒரு துளி தண்ணீரில் தட்டி, குமிழி வராமல் கவர்ஸ்லிப்பை, அதாவது மேலே மூடும் மெல்லிய கண்ணாடியை, சாய்த்து இறக்கி, 45 மடங்கு லென்ஸில் (கண் வைக்கும் 10 மடங்கு லென்ஸோடு சேர்ந்து 450 மடங்கு) பாருங்கள். ஆரஞ்சுச் சுளை வடிவில் பூஞ்சை வித்துகள்! முதுகெல்லாம் முள், உள்வளைவு வழவழப்பு. அதனால்தான் 1869இல் இந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா, அதாவது 'பாதி வழவழப்பு', என்று பெயர் வைத்தார்கள்.

ஒருமுறை தோட்டத் தொழிலாளியின் மகள் இதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "எங்கம்மா சேலையில ஒட்டிட்டு வர்ற பொடியா சார் இது?" என்றாள். மறுபடி குனிந்தவள் மணி அடித்தும் எழவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் இல்லாமல், வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். கவர்ஸ்லிப் உடைந்தால் யாரிடமும் காசு கேட்காதீர்கள். லென்ஸ் துடைக்க, பிள்ளைகளுக்குப் பழக்கிவிட நான் வருகிறேன். மழை ஓய்ந்ததும் துரு நன்றாகத் தெரியும். அப்போது கூப்பிடுங்கள், சனிக்கிழமையானாலும் சரி.

அன்புடன்,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர், ஏற்காடு