கடலுக்குக் கீழே ஒரு கடைமடை

ஆம்ஸ்டர்டாம்,
டிசம்பர் 9.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்து இருபத்திரண்டு நாட்கள் ஆகிவிட்டன. தீபாவளிக்கு முன் எழுதியதற்கும் நான் பதில் போடவில்லை. தொலைபேசியில் அம்மாவிடம் பேசும்போதெல்லாம் பின்னால் உங்கள் இருமல் கேட்கும். "அப்பாவுக்குப் போனில் ஒன்றும் காதில் விழவில்லை, நீ எழுதிவிடு" என்பாள் அம்மா. சரி சரி என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

காடம்பாடி மாமா இந்த ஊரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். கஞ்சா விற்கும் கடை, கண்ணாடிச் சன்னலில் நிற்கும் பெண்கள், விடிய விடியக் கூத்து. மாமா சொன்னது பொய்யில்லை. ஆனால் அது ரயில் நிலையத்தை ஒட்டிய சில தெருக்கள்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மதுக்கடையை மட்டும் பார்த்துவிட்டு நாகப்பட்டினம் இவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் நீங்கள் விடுவீர்களா? சன்னலில் நிற்கும் பெண்களைப் பற்றிச் சிரித்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, அப்பா. பிழைப்புக்காக நாடு விட்டு வந்தவர்கள் அவர்களிலும் பலர்.

அந்தத் தெருக்களின் நடுவில்தான் இந்த ஊரின் மிகப் பழைய கட்டடம் இருக்கிறது. அவுடே கெர்க் என்று பெயர், பழைய கோவில் என்று பொருள். 1306இல் அர்ச்சிக்கப்பட்டதாம். அதற்குக் கொஞ்சம் தள்ளிக் கால்வாயோரம் ஒரு வணிகர் வீடு. கத்தோலிக்கர்கள் வெளிப்படையாகப் பூசை வைக்கக் கூடாது என்றிருந்த காலத்தில், 1663இல், அந்த வீட்டுப் பரணையே கோவிலாக மாற்றிவிட்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் வீடு. பீடமும் இருக்கைகளும் மேலே இன்றும் அப்படியே இருக்கின்றன. வேளாங்கண்ணி சித்தியிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். நான் இன்னும் உள்ளே போகவில்லை, வாசலில் நின்று பார்த்தேன். சித்தி வந்தால் சேர்ந்து போகலாம் என்று வைத்திருக்கிறேன்.

இப்போது அலுவலகத்தில் எனக்கு வேலை நேரம் குறைவு. அதனால் நிறைய நடக்கிறேன். டிராமில் போவதை விட்டுவிட்டேன். நடந்தால்தான் ஊர் தெரிகிறது. நடக்க நடக்க உங்கள் நினைவுதான் வருகிறது. முப்பத்தோரு வருடம் லஸ்கராக இருந்து மதகைத் திறந்தும் அடைத்தும் வாழ்ந்தவர் பார்க்க வேண்டிய ஊர் இது.

நான் விமானத்தில் வந்து இறங்கிய இடம் கடல் மட்டத்துக்கு 3 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. முன்பு அது பெரிய ஏரி. நீராவி இயந்திரம் வைத்து இறைத்து இறைத்து 1852இல் வற்றவைத்து நிலமாக்கிவிட்டார்கள். ஊருக்குள் மூன்று பெரிய கால்வாய்கள்: ஹேரன்கிராக்ட், கெய்சர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட். 1613இல் தோண்டத் தொடங்கியவை. வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் வளையங்களில் பாதியை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படி ஊரைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து போகின்றன. கரையோர வீடுகள் ஒடுக்கமானவை, சில தெருப் பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் உத்திரம் நீட்டிக்கொண்டு, அதில் ஒரு கொக்கி. மாடிப்படி அவ்வளவு குறுகல், பீரோவும் கட்டிலும் ஏறாது. கொக்கியில் கயிறு மாட்டி வெளியே தூக்கிச் சன்னல் வழியாக உள்ளே இழுக்கிறார்கள். முதல் முறை பார்த்தபோது அரை மணி நேரம் நின்றுவிட்டேன்.

வீடுகளுக்கு அடியில் இருப்பதெல்லாம் சேறு. உடைப்பை அடைக்க நீங்கள் சவுக்குக் கம்பு அடித்து மணல் மூட்டை போடுவீர்களே, அதைப் போல ஊரையே மரக்கம்பத்தின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 கம்பங்கள். தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும்வரை மரம் மட்காது, காற்றுப் பட்டால்தான் கெடும். இதை நீங்கள் எனக்கு எப்போதோ சொல்லியிருக்கிறீர்கள், வெட்டாற்றுப் பழைய மதகைப் பிரித்தபோது.

ஆம்ஸ்டல் ஆற்றில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மதகுகள் இருக்கின்றன. இரவில் அங்கங்கே மதகுகளை அடைத்து, கிழக்கே உள்ள ஏரியிலிருந்து புதுத் தண்ணீரை உள்ளே விட்டுக் கால்வாய்களைக் கழுவுகிறார்கள். அழுக்கு மேற்கே கடல் பக்கம் போய்விடுகிறது. இந்த நாட்டில் தண்ணீருக்கென்றே தனித் தேர்தல் நடக்கிறது, அப்பா! 21 நீர் வாரியங்கள். சில 13ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியவை, நாடு என்று ஒன்று உருவாகும் முன்பே. கரையைக் காப்பதும் பாசியை அள்ளுவதும் பம்பு ஓட்டுவதும் அவர்கள் வேலை. ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று வருடா வருடம் வானொலி முன் உட்கார்ந்திருந்த உங்களுக்கு ஒரு முறையாவது இங்கே ஓட்டுப் போடும் வாய்ப்புக் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்தேன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வீடு. இப்போது பல்கலைக்கழகம், முற்றத்துக்குள் யாரும் போகலாம். மாணவர்கள் காபிக் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 1658இலிருந்து 1781 வரை நம் ஊர் இந்த வீட்டுக்காரர்கள் கையில் இருந்தது. பழவேற்காட்டில் இருந்த தலைமையிடத்தை 1690இல் நாகைக்கே மாற்றினார்கள். நம் ஊர் டச்சுக் கோவிலை வைத்து அவர்களைப் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் 1660ஐ ஒட்டித் தஞ்சைச் சீமையில் பஞ்சம் வந்தபோது, சோற்றுக்கு வழியில்லாத சனங்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி நாகைத் துறையில் கப்பல் ஏற்றியதும் இவர்கள்தான். அந்த முற்றத்தில் என்னால் வெகுநேரம் நிற்க முடியவில்லை. ஒரு கல்வெட்டுக்கூடப் பெயர் சொல்லாத அந்த சனங்கள் நம் பக்கத்துக்காரர்கள்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டாளாம். நன்றாகவே சாப்பிடுகிறேன். ஆல்பர்ட் கௌப் சந்தை மாலையில் கலையும் நேரம் போனால் காய்கறி நன்றாகக் கிடைக்கிறது. அங்கே ஒரு சுரிநாம் கடை (தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு அது). 1873 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காக நம் நாட்டிலிருந்து கப்பலில் போனவர்களின் வழிவந்தவர்கள், சுரிநாம் விடுதலை பெற்றபோது இங்கே குடியேறியவர்கள். அவர்கள் விற்கும் 'பாரா' உளுந்தில் செய்தது, நடுவில் ஓட்டை. கடித்தவுடன் எனக்குத் தொண்டை அடைத்தது. வடைதான், அப்பா. ஏழு கடல் தாண்டி இரண்டு முறை ஊர் மாறியும் ஓட்டை மாறவில்லை. ஹேரிங் என்ற மீனை இங்கே வேகவைக்காமல் வெங்காயத்தோடு தின்கிறார்கள். அது மத்தியின் இனம். ஒரு முறை தின்றேன். அன்று இரவெல்லாம் அம்மா வைக்கும் மத்திக் குழம்பு, மறுநாள் சட்டியில் ஒட்டிக்கொண்டிருப்பது, அதில் பழைய சோற்றைப் பிசைந்து நீங்கள் கொடுக்கும் உருண்டை.

குளிர் நம் மார்கழிப் பனி போல இல்லை. காற்றுதான் கொடுமை. காலையில் எட்டே முக்காலுக்கு வெளுக்கிறது, மாலை நாலரைக்கு இருட்டிவிடுகிறது. அம்மா கொடுத்த கம்பளிச் சால்வையை உள்ளே சுற்றிக்கொண்டு மேலே கோட்டுப் போடுகிறேன்.

வீடு மாறியதைச் சொல்லவில்லை அல்லவா? ஊரை ஒட்டிய எய் என்ற நீர்ப்பரப்பின் வடகரையில் ஓர் அறை. இங்கே காற்றோட்டம் அதிகம். ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்து படகு, கட்டணமே கிடையாது, சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். இறங்கி அரை மணிக்கு மேல் நடை. கடலைத் தடுக்கக் கட்டிய பழைய கரையின் மேலேயே வரிசையாக மர வீடுகள், பச்சையும் வெள்ளையுமாக. என் அறை கரைக்குக் கீழே, பின்பக்கம்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். இங்கே பாட்டியை ஓமா என்பார்கள். வந்த முதல் வாரம் அவரைப் பார்த்து எனக்குப் பயம். தினமும் இரவு பத்து மணிக்கு, மழையோ காற்றோ, கையில் விளக்கோடு கரை மேல் ஏறுகிறார். தண்ணீரைப் பார்க்கிறார். "ஹூட்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கி வருகிறார். நல்லது என்று அர்த்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் காலணியும் கோட்டும் எப்போதும் தயாராக இருக்கும். ஒருநாள் பட்டாணிக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். கரண்டி நட்டால் நிற்க வேண்டுமாம், அதுதான் பதமாம். பதிலுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து பேச்சுத் தொடங்கியது.

ஓமா தெற்கே சேலாண்ட் மாகாணத்தில் பிறந்தவர். 1953 பிப்ரவரி 1, விடியும் முன், புயலும் ஓதமும் சேர்ந்து கரைகள் உடைந்து கடல் உள்ளே வந்தது. 1,836 பேர் போனார்கள். அவருக்கு அப்போது எட்டு வயது. தாத்தா அவரைக் கூரை மேல் ஏற்றிவிட்டுத் தம்பியை எடுக்கக் கீழே இறங்கினாராம். இரண்டு பேரும் திரும்பவில்லை. இதைச் சொல்லும்போது ஓமாவின் கண்ணில் தண்ணீர் இல்லை, குரல்தான் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி ஆகிவிட்டது. "உன் ஊரும் கடலோரமா?" என்று கேட்டார். அத்தையைப் பற்றிச் சொன்னேன். கீச்சாங்குப்பம், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்கப் போனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் என்று சொன்னேன். ஓமா என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு இரவு பத்து மணிக்கு நானும் அவரோடு கரை ஏறுகிறேன். தண்ணீர் கறுப்பாக இருக்கும். தூரத்தில் ஊரின் விளக்குகள். அங்கே நின்றால் வாடைக்காற்றில் உங்கள் துண்டின் வாசனை வருவது போல இருக்கிறது. ஐப்பசி மழையில் நடுராத்திரி அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஷட்டர் பார்க்கப் போவீர்களே, கடல்நீர் ஏறிவிடக் கூடாதென்று. நான் திண்ணையில் விழித்திருப்பேன், விளக்கு திரும்பி வரும்வரை. அப்பா, எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது. இந்த வருடம் முடியாது. அடுத்த ஆடிக்குள் எப்படியாவது வந்துவிடுவேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மா நிலத்தை விற்கவே விற்காதீர்கள். இறால் பண்ணைக்காரர்கள் இரண்டு மடங்கு கொடுப்பதாக மாமா சொன்னாலும் வேண்டாம். ஒரு முறை உப்புநீர் நின்றால் சுற்றியிருக்கும் நிலமும் போய்விடும் என்று ஊருக்கே சொன்னவர் நீங்கள். என் பயணத்துக்கு வாங்கிய கடனுக்காக அதை விற்க நேர்ந்தால் நான் எப்படி ஊரில் முகம் காட்டுவேன்?

தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். எனக்கென்று செய்து வைத்த வளையல் இரண்டும் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை வங்கியில் வைத்துக் கட்டிவிடுங்கள். இரண்டு மாதமாகப் பணம் குறைவாக வந்ததை வைத்து எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆண்டுக் கடைசி, கணக்கெல்லாம் இங்கே முன்பின்னாக நடக்கும். சித்திரைக்குள் நானே மீட்டுவிடுகிறேன். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அந்த வளையல்களைப் பற்றி அவளுக்கு ஆயிரம் கனவு.

திருவாரூர் அத்தை கொண்டுவந்த ஜாதகம் இப்போதைக்கு இருக்கட்டும். அக்காவின் வளைகாப்பை தை பிறந்ததும் வைத்துக்கொள்ளுங்கள், மழை விட்டிருக்கும். சம்பா எப்படி இருக்கிறது? பயிர்க் காப்பீட்டு ரசீதை வாங்கிப் பத்திரமாக வைத்தீர்களா?

26ஆம் தேதி அத்தைக்குப் படையல் போடும்போது என் பங்காக ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வையுங்கள். அத்தை தலையில் வேறு பூவை நான் பார்த்ததே இல்லை. அன்று காலை இங்கே விடியும் முன் நானும் விளக்கேற்றுகிறேன். ஓமாவும் வருகிறேன் என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இருமலுக்கு மருத்துவமனைக்குப் போங்கள், கஷாயம் மட்டும் போதாது.

உங்கள் அன்பு மகள்.

பின்குறிப்பு: அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்கு எந்தத் தேதி சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. சாம்பார்ப் பொடி பார்சல் அனுப்ப வேண்டாம், தபால் செலவு அதிகம். வடக்கு வாய்க்காலில் இப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது? தம்பியை விட்டு அளவுக்கல்லைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஓமா இரண்டு முறை கேட்டுவிட்டார்.