துப்பாக்கி வாங்கினால் மட்டும் போதாது ஐயா, ஜோடியைப் பிரிக்காதீர்கள்

ராணுவத் தலைமையகத்தில் காலாட்படைப் பயிற்சியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காலாட்படையில் ஸ்னைப்பராக, அதாவது மறைந்திருந்து வெகுதூரத்துக் குறியைச் சுடுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது திருச்சிப் பக்கம் இருக்கிறேன். புது ஸ்னைப்பர் துப்பாக்கி பற்றிச் செய்தி வந்தாலே, அது எவ்வளவு தூரம் சுடும் என்று ஊரில் என்னிடம் கேட்பார்கள். சுடுகிறவனுக்கு ஜோடியாகப் பக்கத்தில் படுத்திருக்கும் ஸ்பாட்டரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. காலம் காலமாக நம் கையில் இருந்தது டிராகுனோவ் என்ற ரஷ்யத் துப்பாக்கி, 800 மீட்டர் வரை நம்பிச் சுடலாம், அதற்கு அப்புறம் சிரமம்தான். 2018இல் 5,719 துப்பாக்கிகளுக்கு டெண்டர் விட்டு, அடுத்த வருஷமே ரத்து செய்தார்கள். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் எதிர்ப்பக்க ஸ்னைப்பர்களால் நம் பையன்களை இழந்த பிறகு, 2019இல் வடக்குக் கமாண்டுக்கு பெரெட்டா, பாரெட் கம்பெனிகளின் ஸ்னைப்பர் துப்பாக்கிகள் கொஞ்சம் வந்தன. சந்தோஷம். ஆனால் தூரம் கூடக் கூட, காற்றைக் கணிப்பதில் வரும் சின்னத் தப்பும் பெரிதாகும். 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் விலக்குகிற அதே ஒரு மில் (ஸ்கோப்பில் கோணத்தை அளக்கும் அலகு), 1,000 மீட்டரில் ஒரு முழு மீட்டர்.

அந்தக் காற்றைப் படிப்பவன் ஸ்பாட்டர். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது, நடுவில் இருக்கும் ஓடைப் பள்ளத்தில் புல் எப்படிச் சாய்கிறது என்று ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பான், தோட்டா போன தடத்தைப் பார்த்து அடுத்ததற்குத் திருத்தம் சொல்வான். என் ஸ்பாட்டர் கேரளாக்காரர். "கொஞ்சம் இரு" என்று அவர் சொன்னால் மூச்சைக்கூட அப்படியே நிறுத்திக்கொள்வேன். அந்த நம்பிக்கை வர எங்களுக்கு இரண்டு வருஷம் ஆனது, பிறகு ஒரே ஒரு போஸ்டிங் ஆர்டரில் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒருமுறை கோடையில், கீழே சமவெளி ரேஞ்சில் ஜீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) துப்பாக்கியோடு குளிர்காலத்தில் சுமார் 12,000 அடி உயரத்து போஸ்ட்டுக்குப் போனோம். அங்கே ஜீரோவைச் சரிபார்க்க எங்களுக்குக் கொடுத்தது ஐந்தே தோட்டா. 600 மீட்டரில் ஒரு பாறையைக் குறிவைத்தேன், முதல் தோட்டா ஒரு சாணுக்கும் மேலே போய் விழுந்தது. உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தோட்டா குறைவாகத்தான் கீழிறங்கும், கடுங்குளிரில் தோட்டாவின் வெடிமருந்து எரியும் வேகம் குறைந்து அதே தோட்டா கொஞ்சம் தாழும், இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பாறையாக இருந்ததால் பரவாயில்லை. எதிரில் ஒரு ஸ்னைப்பர் இருந்திருந்தால், தப்பிய அந்த ஒரு தோட்டாவே நாங்கள் படுத்திருந்த இடத்தை அவனுக்குக் காட்டிக்கொடுத்திருக்கும்.

அதனால் கேட்கிறேன். துப்பாக்கிக்குக் கையெழுத்துப் போடும் அன்றே பயிற்சித் தோட்டாவுக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கும் தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்கும் காற்றுமானிக்கும் சேர்த்துப் போடுங்கள், அந்த ரேஞ்ச்ஃபைண்டரின் பேட்டரிக்கும்தான், குளிரில் அது முதலில் செத்துவிடும். மோவ் காலாட்படைப் பள்ளியில் கோர்ஸ் முடித்து வருகிற பையனை யூனிட்டில் காவல் டியூட்டியிலும் ஸ்டோர் கணக்கிலும் போட்டு வைக்காதீர்கள். மாதக்கணக்கில் சுடாமல் இருந்தால் கை மறந்துவிடும், காற்றைப் படிக்கும் கண் அதற்கும் முன்னால் மறந்துவிடும். ஜோடியாகப் பயிற்சி எடுத்தவர்களை முடிந்தவரை ஜோடியாகவே வைத்திருங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தூரம், உயரம், குளிர், காற்று, குளிர்ந்த குழாயில் முதல் தோட்டா எங்கே விழுந்தது என்று ஆறு வருஷம் பென்சிலில் எழுதினேன். பேனா அந்தக் குளிரில் எழுதாது. ஓய்வு பெற்ற அன்று துப்பாக்கியோடு அதையும் ஒப்படைத்தேன். துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கினார்கள், நோட்டை ஒரு மூலையில் போட்டார்கள். அந்தத் துப்பாக்கியை இன்று யார் வைத்திருந்தாலும், நோட்டைத் தேடி எடுத்து அந்தப் பையன் கையில் கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா.