ஹோய் ஆனிலிருந்து தேனுவுக்கு

அன்புள்ள தேனு,

அப்பாவும் நானும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். விடுதி அறையில் இருந்த தாளில்தான் எழுதுகிறேன். முடித்ததும் அப்பா படம் எடுத்து அனுப்புவார்.

இங்கே வியட்நாமில் இப்போது காலை எட்டு மணி. உனக்கு ராத்திரி மூன்று. இந்த நேரத்தில் உன் பெயருக்குக் கீழே நீ ஆன்லைனில் இருப்பதாகக் காட்டுகிறது. நேற்றும் காட்டியது. வேவு பார்க்கிறேன் என்று நினைக்காதே. எழுந்ததும் உன் படத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. படத்தையும் மாற்றியிருக்கிறாய், ஏதோ ஒரு மரம். அழகான மரம்தான். ராத்திரியில் சீக்கிரம் படும்மா.

துணி விளக்கு செய்யச் சொல்லிக்கொடுக்கிற வகுப்புக்குப் போய்வந்தோம். அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நீ மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தாயே, அந்த இடம்தான். பழைய ஊருக்குள் வண்டி விடுவதில்லை, நடந்துதான் போனோம். மஞ்சள் சுவர், ஓட்டுக் கூரை, வாசலுக்கு வாசல் விளக்கு. உள்ளே போனதும் சொல்லிக்கொடுக்கிற பெண் என் காலைப் பார்த்துவிட்டு உயரமான நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் முக்காலிதான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். உன் மகள் எழுதியிருந்தாள், அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்வாக உட்கார முடியாது என்று, எனப் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாள். அவ்வளவு வேலைக்கு நடுவில் இதை நினைத்து எழுதியிருக்கிறாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா சட்டையைச் சரிசெய்கிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேசைமேல் நாலு கூடு வைத்திருந்தார்கள். நாலு கத்தரிக்கோல், நாலு பசைக் கிண்ணம். மற்ற இரண்டு பேர் எங்கே என்று அந்தப் பெண் கேட்டாள். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன்.

கூடு என்றால் மூங்கில் பிளாச்சுகளால் ஆனது. கட்டையில் கடைந்த இரண்டு வில்லைகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றில் பிளாச்சுகளின் இரண்டு நுனிகளையும் கோத்துக் கட்டியிருக்கிறார்கள். வில்லை இரண்டையும் நெருக்கினால் பிளாச்சுகள் வெளியே வளைந்து வயிறு விடும். இழுத்தால் குடை மாதிரி ஒடுங்கிக் கைக்குள் அடங்கிவிடும். இதனால்தான் இந்த ஊர் விளக்கு பெட்டிக்குள் மடங்கி உலகமெல்லாம் போகிறது. வகுப்புக்கு வருகிறவர்களிடம் கட்டிமுடித்த கூட்டைத்தான் கொடுக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. பின்கட்டில் பெரியவர் ஒருவர் மூங்கில் பிளந்துகொண்டிருந்தார், போய்ப் பக்கத்தில் நின்றேன். முற்றிய மூங்கிலைத்தான் எடுப்பார்களாம். உப்புத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவைத்து, பிறகு காயவைத்து, அதற்கப்புறம்தான் பிளப்பது. இல்லாவிட்டால் உளுத்துப்போகுமாம். அவர் பிளந்த பிளாச்சுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே தடிமன். அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அப்பா பொதுப்பணித் துறையில் எத்தனை மேஸ்திரிகளைப் பார்த்தவர்! அவரே அந்தக் கையை அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

துணியைத் தொட்டுப் பார்த்தேன். திருபுவனம் பட்டு பார்த்து வளர்ந்த கைக்குத் தெரியாதா? எங்களுக்குக் கொடுத்தது கலப்புத் துணி. அசல் பட்டும் இருக்கிறது, ஹனோய்க்குப் பக்கத்தில் வான் ஃபுக் என்ற நெசவு ஊரிலிருந்து வருவது, அதைத் தனியாக எடுத்துக் காட்டினாள். கற்றுக்கொள்கிறவர்கள் கையில் அதைக் கொடுத்து வீணாக்காமல் இருப்பது சரிதான். நான் கத்தரிப்பூ நிறம் எடுத்தேன். அப்பா மஞ்சள்.

பிளாச்சில் பசையைத் தடவி, துணித் துண்டை வைத்து, முதலில் மேலும் கீழும் இழுக்க வேண்டும். பிறகுதான் பக்கவாட்டில். முதலிலேயே பக்கவாட்டில் இழுத்தால் வயிற்றுப் பகுதியில் சுருக்கம் விழுந்துவிடும். விழுந்த சுருக்கம் பகலில் தெரியாது, உள்ளே விளக்கேற்றினால் கோடு கோடாகத் தெரியும். பசை பாதி காய்ந்திருக்கும்போதே பிளாச்சை ஒட்டி மிச்சத் துணியை நறுக்க வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் கத்தரிக்கோல் ஏறாது. பிறகு அடுத்த துண்டு. சுற்றி முடித்ததும் மேலும் கீழும் லேஸ் ஒட்டி, அடியில் குஞ்சம் கட்டுவது. அப்பாவுடையதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அந்தப் பெண் அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். பக்கத்து மேசையில் பிரான்சிலிருந்து வந்த அம்மாவும் மகளும் கை தட்டினார்கள். அந்த மகளுக்கு உன் வயசிருக்கும். நன்றாகச் சாப்பிடுகிற பெண் என்று முகத்திலேயே தெரிந்தது. நீ சாப்பிடுகிறாயா? அன்றைக்கு வீடியோவில் உன் கழுத்தெலும்பைப் பார்த்தேன். வெளிச்சம் அப்படி என்றாய். ரொட்டியிலேயே ஓட்டாதே. ஒரு டம்ளர் அரிசி போட்டு ரசம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு ஆளுக்கு

அடித்த வரியைப் படிக்காதே. சூடாகச் சாப்பிடு, சீக்கிரம் படு, அவ்வளவுதான்.

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின நாள் நாங்கள் இங்கே இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு மாதமும் சந்திரக் கணக்கில் பதினாலாம் நாள் ராத்திரி பழைய ஊரில் மின்விளக்குகளை அணைத்துவிட்டுத் துணி விளக்குகளை மட்டும் ஏற்றுகிறார்கள். 1998-லிருந்து இந்த வழக்கம். து போன் ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். வீட்டு வாசல்களில் பழம், பூ, ஊதுபத்தி வைத்து முன்னோர்களைக் கும்பிடுகிறார்கள். அன்றைக்கு நிறையப் பேர் சைவம் சாப்பிடுவதால் எங்களுக்கும் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. படகுக்காரம்மா ஒருத்தி காகித விளக்கு கொடுத்தாள், மெழுகுவத்தி ஏற்றி ஆற்றில் விடுவது. மனசில் யாரையாவது நினைத்து விடச் சொன்னாள். உன் பெயரைச் சொன்னேன். வழக்கமாகக் கோயிலில் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்வேன், வாய் அப்படிப் பழகியிருக்கிறது. அன்றைக்கு உன் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். அப்பா கேட்டிருப்பார், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் எதுவும் சொல்லாமல்தான் இருக்கிறார். மீ சன் போனபோது மட்டும் பேசினார். இந்தப் பக்கத்தை முன்பு ஆண்ட சாம்பா அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் லிங்கம் வைத்த இடம். 1969-ல் அமெரிக்கக் குண்டு விழுந்து பெரிய கோபுரம் போய்விட்டது. நம் தொல்லியல் துறை ஆட்கள் வந்து சில கோயில்களைச் சீர்செய்திருக்கிறார்கள். செங்கல்லுக்கு நடுவில் சாந்தே கண்ணுக்குத் தெரியவில்லை என்று அப்பா ஒரு சுவரை விட்டு நகரவே இல்லை.

அந்த ஊர்க் கோயில்களைக் காப்பாற்ற எண்பதுகளில் போலந்திலிருந்து வந்தவர் காசிமிர் க்வியாட்கோவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். ஹோய் ஆன் பழைய ஊரைப் பேணிக் காக்க வேண்டும் என்று பாடுபட்டவரும் அவர்தான். இங்கே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். 1997-ல் ஹுவே நகரத்தில் இறந்துபோனார். இரண்டு வருஷம் கழித்து, 1999-ல், மீ சன்னும் ஹோய் ஆனும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அதைப் பார்க்க அவர் இல்லை. வழிகாட்டி இதைச் சொல்லச் சொல்ல எனக்கு வேறு நினைப்புதான் ஓடியது. சொந்த ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்து ராப்பகலாக வேலை செய்த மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், யாரிடமாவது சொன்னாரா, இல்லை எல்லோரிடமும் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாரா என்று. நீ எட்டாவது படிக்கும்போது அம்மை கொப்புளத்தோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து சொன்னவள். அன்றைக்கு உன் டீச்சர் மெச்சினாள். எனக்கு மெச்சத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

டான் கீ என்ற பழைய வியாபாரி வீட்டையும் பார்த்தோம். மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் வந்துவிடும். 1964 வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று அந்த வீட்டுச் சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் மேல்தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு விட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும்போது சாமான்களைக் கப்பி போட்டு மாடிக்கு ஏற்றிவிடுவார்களாம். தண்ணீர் வடிந்ததும் இறக்கி, கழுவி, மறுபடி கடை. ஊரில் யாரும் அதற்காக யாரையும் குறை சொல்வதில்லை. வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் வருவதுதான்.

நம் மாடி அறைக்கு மாசியில் வெள்ளையடித்தோம். போனில் சொன்னேனா என்று நினைவில்லை. ஜன்னல் கொக்கியை மாற்றியாயிற்று. உன் புத்தக அலமாரியை நகர்த்தவில்லை. வாடகைக்கு விடலாமே என்று எதிர்வீட்டு மாமி கேட்டபோது அப்பாவே வாசலுக்கு வந்து, அது தேனு அறை என்றார். அவர் இப்படி முந்திக்கொண்டு பேசி நீ பார்த்திருக்கிறாயா?

இதையும் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத தைரியம் வராது. செல்வி விஷயத்தில் பெரிய மாமா கூடத்தில் நின்று பேசியதை நீயும் கேட்டாய். அப்போது உனக்குப் பதினாறு வயசு, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். உன் அப்பா பெரிய மாமா இல்லை. நானும் பெரிய அத்தை இல்லை. அன்றைக்கு அப்பா தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து வந்தவர், அதற்கப்புறம் அந்த வீட்டில் சாப்பிட்டதில்லை. ஏன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இப்போது நான் சொல்லிவிட்டேன். நீ எதுவும் பதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் நீ இத்தனை நாள் எங்களை அந்த வரிசையில் வைத்துவிட்டாயோ என்று நினைத்தால் எனக்குக் கோபமும் வருகிறது, தேனு. எத்தனை வருஷம் எங்களோடு இருந்தவள் நீ.

சரி. நாளை மறுநாள் தா நாங்கிலிருந்து சைகோன் போகிறோம். அங்கே நகரத்தார் காலத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது, வியட்நாம் சனங்களே வந்து கும்பிடுகிறார்களாம். அங்கே உன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை. பிறகு சென்னை. அப்பா பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார். என் முழங்காலும் பரவாயில்லை. எங்களை நினைத்து எதையும் தள்ளிப்போட வேண்டாம். டிக்கெட் காசை நினைத்தும் தள்ளிப்போட வேண்டாம், அப்பா இதை இரண்டு முறை சொல்லி எழுதச் சொன்னார்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மிச்சமிருந்த இரண்டு கூட்டையும் அந்தப் பெண் மடித்துக் கொடுத்துவிட்டாள், காசு கட்டியது உங்களுடையது என்று. நான் துணி ஒட்டவில்லை. ஒட்டத் தெரியும் இப்போது, உனக்குக் காட்டித் தருகிறேன். துணி மட்டும் இங்கேயே வாங்கிவிட வேண்டும், அந்த வான் ஃபுக் பட்டு நம் பக்கம் கிடைக்காது. நாளை சாயங்காலம் கடைக்குப் போவேன். உனக்கு என்ன நிறம் வேண்டும், ஒரு கூட்டுக்கு வாங்கட்டுமா இரண்டுக்கும் வாங்கட்டுமா, அதை மட்டும் எழுது. இப்போதே வேண்டாம். தூங்கி எழுந்து எழுதினால் போதும்.

அன்புடன்
அம்மா