மூன்றாவது சுரத்துக்கு நேரம் கொடுங்கள்

ஏதிலியர் (அகதிகள்) நாள் இசைநிகழ்ச்சிகளை நடத்தும் விழாக்குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூன் 20ஆம் நாளையொட்டி ஜேர்மனியின் நகரங்களில் நீங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு ஒலிவாங்கி பொருத்தவும் மேடை ஒழுங்கு செய்யவும் பல ஆண்டுகளாக வந்துபோகும் தொண்டன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். உங்கள் குழுக்களில் எனக்குத் தெரிந்த நம்மவர்களும் இருப்பதால் முதலில் தமிழில் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மண்டபத்தில், சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்த சாக்ஸபோன் கலைஞர் ஒருவரும் இங்குள்ள ஜாஸ் பியானோக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஒலிச்சோதனையின்போது நான் அருகில் நின்றிருந்தேன். சாக்ஸபோன் கலைஞர் எடுத்துக்கொண்டது அரபு இசையின் 'ராஸ்த்' என்னும் மக்காம்; மக்காம் என்பது நம் இராகத்தைப் போன்றது. அதன் மூன்றாவது சுரம் நம் கர்நாடக இசையில் 'சாதாரண காந்தாரம்', 'அந்தர காந்தாரம்' என்னும் இரண்டு 'க'-க்களுக்கும் இடையில் நிற்பது; பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது. சாக்ஸபோனிலும் அதற்கெனத் தனி விசை இல்லை என்றாலும், உதட்டின் இறுக்கத்தைத் தளர்த்தியும் விரல்களை மாற்றி வைத்தும் அவர் அதை வரவழைத்தார். பியானோக் கலைஞர் பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் வழக்கமான இசைக்கோவையை வாசித்ததும் இரண்டு காந்தாரங்களும் மோதின. "மூன்றாவதை மட்டும் விட்டுவிடுங்கள், ச-வும் ப-வும் போதும்" என்ற பொருள்பட சாக்ஸபோன் கலைஞர் இரண்டு விரல்களைக் காட்ட, பியானோ ஒதுங்கிக் கொடுத்த அந்த வெற்றிடத்தில் அவருடைய சுரம் தனியாக வந்து உட்கார்ந்தது. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாட்டில், ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் போன்றவர்களும் அமர்ந்திருந்த அவையில், பியானோவை அரபு இசைக்குள் விடலாமா என்று பெரிய வாதமே நடந்தது. அந்த வழக்குக்கு இந்த இருவரும் இரண்டு விரல்களால் ஒரு விடை கண்டுகொண்டிருந்த நேரத்தில்தான், உணவு மேசைகளைப் போடவேண்டும் என்று சொல்லி ஒலிச்சோதனையைப் பதினைந்தாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள்.

அன்றைய உருப்படிக்குப் பன்னிரண்டு நிமிடம் தேவைப்பட்டது. தாளமில்லாத 'தக்ஸீம்' என்னும் பகுதியோடு, நம் ஆலாபனையைப்போல, அது தொடங்கி, பத்து எண்ணிக்கை கொண்ட 'சமாயி' தாளத்துக்குள் நுழையும். பிறகு அந்தத் தாளத்தின் மேலேயே பியானோவும் சாக்ஸபோனும் ஜாஸ் முறையில் மாறி மாறிக் கற்பனை செய்யும். போர்க்காலத்தில் விடியற்காலையில் ரொட்டிக்கடை வாசலில் நின்ற வரிசைதான் அதன் கதை என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். டும் என்ற ஓர் அடி, இரண்டு எண்ணிக்கை மௌனம், ஒரு தக், மறுபடி மௌனம், பிறகு டும் டும் தக் என்று மூன்று அடிகள் நெருங்கி வந்து மீண்டும் ஓய்வு: வரிசை நகர்வதும் நிற்பதும் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கிறது. உரைகள் நீண்டுபோனதால் ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்லிச் சீட்டு நீட்டினார்கள். வரிசை கடைவாசலை அடையவே இல்லை.

அதற்கு முன்பு அவரை அறிமுகம் செய்தவர், "கடலைத் தாண்டி உயிர் பிழைத்து வந்தவர்" என்றார். அவர் கடல்வழியாக வந்தவரே அல்லர். அலெப்போவின் 'குதூத்' என்னும் பாடல் மரபை 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபின் காற்றில் வளர்ந்தவர் என்றோ, எந்த மக்காமில் வாசிக்கப்போகிறார் என்றோ ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இது எனக்குப் புதிதன்று. எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக இந்நாட்டுக்குள் வந்த யாழ்ப்பாணத்து இளைஞர்களுள் நானும் ஒருவன். இங்கே முதன்முதலாக மிருதங்கத்தோடு மேடையேறிய அன்று என்னிடம் குண்டு விழுந்த கதையைக் கேட்டார்கள். வாசித்த தாளம் எதுவென்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. லெபனான் உள்நாட்டுப் போரின்போது, 1978இல், பெய்ரூத்திலிருந்து மியூனிக்குக்கு வந்தவர் ஊத் கலைஞர் ரபீஹ் அபூகலீல். ஊத் என்பது வீணையில் உள்ளதுபோல் சுரமெட்டுகள் பொருத்தப்படாத அரபு நாடுகளின் நரம்புக் கருவி; அவை இல்லாததாலேயே இடைச்சுரங்கள் அதில் தடையின்றிப் பேசும். அவருடைய 1992ஆம் ஆண்டின் 'ப்ளூ கேமல்' இசைத்தொகுப்பில் ட்ரம்பெட் கலைஞர் கென்னி வீலரும், நாகஸ்வரமும் பயின்ற அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும், சென்னையிலிருந்து வந்த தாளக்கலைஞர் ரமேஷ் சோதமும் உடன் வாசித்திருக்கிறார்கள். ஒரு கடையில் தற்செயலாக அதைக் கேட்டபோது, ஊத்துக்குப் பின்னால் நம் ஊர்த் தாளக்கருவிகள் ஒலித்ததை உணர்ந்து அசையாமல் நின்றுவிட்டேன். அவர்களுள் யாரும் யாருக்கும் அலங்காரமாக உட்காரவில்லை. ஒத்திகைக்கு நேரமும், தக்க துணைக் கலைஞர்களும், முழு நீளமும் கிடைத்தால்தான் அத்தகைய இசை பிறக்கும்.

ஆகவே சிலவற்றைக் கேட்கிறேன். ஏதிலியாக வந்த கலைஞர்களை ஜூன் 20இன் பிற்பகலோடு நிறுத்திவிடாமல், உங்கள் நகரத்து ஜாஸ் விழாக்களின் மாலை மேடைக்கும் பரிந்துரையுங்கள். உணவுச் சீட்டையும் பூங்கொத்தையும் சன்மானமாகக் கருதாதீர்கள். அதே மேடையில் ஏறும் மற்றக் கலைஞர்களுக்கு என்ன கொடுக்கிறீர்களோ அதையே இவர்களுக்கும் கொடுங்கள். அறிமுக வரிகளை அவர்களே எழுதித் தரட்டும். தப்பி வந்த கதையைச் சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். அதைச் சொன்னால்தான் மேடை என்ற நிலை வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, அந்த அலெப்போக் கலைஞரை இவ்வாண்டு மறுபடி அழையுங்கள். இரண்டு மணி நேர ஒலிச்சோதனையும், இடையில் சீட்டு நீட்டப்படாத பன்னிரண்டு நிமிடமும் அவருக்கு வேண்டும். உணவு மேசைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகு அவற்றைப் போட என் மகனையும் இரண்டு நண்பர்களையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேடைத் தொண்டன்