பாறை மேல் ஏறினால்தான் ரேஷன்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் ஊரில் ரேஷன் கடை இருக்கிறது, சிக்னல்தான் இல்லை. அதனால் சேல்ஸ்மேன் கைரேகை மெஷினை எடுத்துக்கொண்டு ஊருக்கு மேலே உள்ள பாறைக்குப் போவார். நாங்களும் பின்னாலேயே ஏறுவோம். அங்கே விரல் வைத்து, பில் வந்ததும் கீழே இறங்கி அரிசி வாங்க வேண்டும். போன மாதம் என் மாமியார் நான்கு தடவை விரல் வைத்தார். காட்டு வேலை செய்து தேய்ந்த விரல் அது. ரேகை பதியவில்லையா, நெட் கிடைக்கவில்லையா என்று யாருக்கும் புரியவில்லை. அதற்குள் தூறல் போட்டது. மெஷின் நனைந்துவிடும் என்று சேல்ஸ்மேன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பாவம், அவரும்தான் என்ன செய்வார்? மறுநாள் திரும்பவும் ஏறினோம்.

சரி, அரிசியை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம். பிரசவ வலி நாளை வரை காத்திருக்குமா? 108-ஐக் கூப்பிட ரோட்டு வளைவுக்கு ஓட வேண்டும். கூப்பிட்டுவிட்டு உடனே வீட்டுக்கு வந்துவிடவும் முடியாது. வழி கேட்டு டிரைவர் திரும்பக் கூப்பிடுவார் என்பதால், வண்டி வரும்வரை ஓர் ஆள் இருட்டில் அங்கேயே போனும் கையுமாக நிற்க வேண்டும்.

நான்கு கிலோமீட்டர் தள்ளி ஒரு டவர் இருக்கிறது. ஆனால் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் கரண்ட் வர இரண்டு நாள் ஆகும். கரண்ட் இல்லாதபோதும் டவரை ஓட வைக்கத்தானே பேட்டரி? அதை மாற்றச் சொல்லி எத்தனையோ முறை கேட்டுவிட்டோம்.

4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்காக 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் எங்களைப் போல டவர் இருந்தும் பேச முடியாத ஊர்களையும் யாராவது கணக்கெடுக்க வேண்டும். போன் கம்பெனிகளின் வருமானத்தில் 5 சதவீதத்தை, இப்படி எட்டாத ஊர்களுக்கும் சேவை போய்ச் சேர வேண்டும் என்றுதான் அரசு வாங்குகிறது. இப்போது அதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். நாங்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் போடும் ரீசார்ஜ் காசும் அதில் சேர்ந்ததுதான். அதிலிருந்து மலை டவர்களுக்கு நல்ல பேட்டரியும் சோலாரும் வைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

அதுவரை, மெஷின் வேலை செய்யாத நாளில் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அரிசி கொடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறந்தால் மழை வலுத்துவிடும். அந்தப் பாறை வழுக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜவ்வாது மலை