முதலில் கவனித்தவர் சத்துணவு ஆயா

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில்தான் பிள்ளைகளின் மனநலம் நமக்கு ஞாபகம் வருகிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் அந்தப் பேச்சே இருக்காது. திருமங்கலம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள் நான்.

என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். நன்றாகக் கணக்குப் போட்டவன், திடீரென்று பாதியில் விட ஆரம்பித்தான். எழுதுவான், அழிப்பான், தாள் கிழியும்வரை அழிப்பான். கேட்டால் பதிலே வராது. திமிர் என்று நானே முடிவுகட்டி, இரண்டு நாள் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தேன். மூன்றாம் நாள் சத்துணவு ஆயா என்னைத் தேடி வந்தார். "டீச்சர், அந்தப் பிள்ளை நாலு நாளா சோத்தை வாங்கி அப்படியே கொட்டிட்டுப் போகுது" என்றார். விசாரித்தால், அம்மா வீட்டைவிட்டுப் போய் ஒரு வாரம். அப்பா திருப்பூரில் வேலை. பையன் பாட்டியோடு இருந்திருக்கிறான். பி.எட்.டில் கல்வி உளவியல் தாளில் நல்ல மார்க் வாங்கியவள்தான் நான்!

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிலையங்களுக்குச் சில வழிகாட்டுதல்களைத் தந்தது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மனநல வல்லுநர்களைக் கொண்டு பயிற்சி தர வேண்டும். ஆசிரியர்களோடு மற்ற பணியாளர்களுக்கும் தர வேண்டும் என்கிறது. நூறு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் ஓர் ஆலோசகரும் வேண்டுமாம். சரி, நல்ல விஷயம். ஆனால் வட்டார வள மையப் பயிற்சி எப்படி நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? கையெழுத்து, திரையில் படம், டீ, வடை, அப்புறம் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு.

எங்களுக்கு வேண்டியது வேறு. பேசாத பிள்ளையிடம் முதல் வாக்கியம் என்ன பேசுவது? "யாரிடமும் சொல்லாதீங்க டீச்சர்" என்றால் எதை மறைக்கலாம், எதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும்? இதை ஒருவர் மாணவராகவும் ஒருவர் ஆசிரியராகவும் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்குள்ள மருத்துவர்களை உசிலம்பட்டி, மேலூர் வரை வரவழைக்க முடியாதா? ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. யாரிடம் அனுப்புவது என்று தெரிந்தால் போதும்.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண்களும் இருக்கின்றன. ஆனால் என் மாணவன் சீட்டு எழுதிப் போடும் நிலையிலா இருந்தான்? சோற்றைக் கொட்டினான், அவ்வளவுதான். அதைப் பார்த்தவர் ஒருவர்தான்.

அதனால், மதுரை மாவட்டத்தில் அடுத்த பயிற்சிக்குப் பெயர் எடுக்கும்போது சமையலர், ஆயா, வாட்ச்மேன் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருமங்கலம்.